அண்டாவில் பொறித்த தேதி

14.4.2018, சனிக்கிழமை

விளம்பி வருடப் பிறப்பு. காலையில் புதிய பஞ்சாங்கம் வாங்கினேன். இவ்வாண்டு எழுத்துகளைக் கடந்த ஆண்டைவிடச் சிறியனவாக அச்சிட்டிருக்கிறார்கள். தாளை மிச்சப்படுத்தும் நோக்கமாக இருக்கலாம். பதிப்பகத்தாருக்கு அஞ்சலட்டை எழுதினேன்.

பகலுணவுக்குப் பின் என் மனைவி தையல்நாயகி, "என்னாங்க, பஞ்சாங்கம்தான் வாங்கியாச்சே, கடை தெறக்க ஒரு நல்ல நாள் பாருங்க" என்றாள்.

எந்தக் கடை என்று கேட்டேன்.

"பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்துக்கு அண்டா, குண்டான் வாடகைக்கு விடற கடை. எத்தினி வாட்டி சொல்றது?"

இவ்விருப்பத்தை அவள் முதன்முறையாக வெளியிட்டது 1983-இல், நான் காட்பாடி அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தபோது. அப்போது எனக்குப் பணிமாற்றம் எதிர்பார்க்கப்பட்டது. பின்னரும் பல பணிமாற்றங்கள் எதிர்பார்க்கப்பட்டன. நான் செய்யாற்றில் அஞ்சலகத் தலைவராக ஓய்வுபெற்றுப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது.

பார்க்கிறேன் என்று கூறினேன்.

3.5.2018, வியாழக்கிழமை

நாயகி தன் இரட்டைவடச் சங்கிலியையும் வளையல்கள் நான்கையும் விற்றுவிட்டாள். நகை அவளுடையது. ஆதலால் நான் கருத்து எதுவும் கூறவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள் பொன்னைப் பித்தளையாக மாற்றுவது விவேகமன்று என்பதையும், பித்தளை களிம்பு பிடிக்கும், பொன் பிடிக்காது என்பதையும் மட்டும் சுட்டிக்காட்டினேன்.

"பொன்னு பொட்டியில தூங்கும். பித்தளை சம்பாரிக்கும்" என்றாள்.

கடைக்கு என் முன்னறையைக் கேட்கிறாள். தெருவைப் பார்த்த அறை வீட்டில் அது ஒன்றே. என் மேசை, சாய்வு நாற்காலி, ஆண்டுவாரியாகக் கட்டிவைத்த செய்தித்தாள்கள் அனைத்தும் அங்குதான் உள்ளன. திறப்புநாள் உறுதியானதும் காலி செய்து தருவதாக வாக்களித்தேன்.

20.5.2018, ஞாயிற்றுக்கிழமை

வைகாசியில் நாள் அமையவில்லை. வடநாட்டுப் பஞ்சாங்கப்படி இப்போது சுபகாரியங்களுக்கு ஆகாத அதிக மாதம் நடைபெறுகிறது. நாம் அதைப் பின்பற்றுவதில்லை என்று நாயகி கூறியது உண்மையே. ஆயினும் வணிகம் என்பது எல்லோரோடும் தொடர்புடையது.

மின்வாரியத்தார் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள் போலும். மாலையில் விளக்குகள் மங்கலாக எரிகின்றன.

10.6.2018, ஞாயிற்றுக்கிழமை

மகன் மூர்த்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நாயகி கடையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"அம்மா, முட்டி வலிக்குதுன்னு போன மாசம் போன்ல அழுத. இப்ப அண்டா தூக்கப் போறியா?"

"நான் எதுக்குடா தூக்கறேன்? எடுத்துட்டுப் போறவன் தூக்குவான்."

"ஒருத்தனும் வரலைன்னா?"

"வரலைன்னா உன் வீட்டுக்கு வந்து, உங்க மாடிச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்திக்கினு கெடக்கறேன். போதுமா?"

அவன் அதையே பிடித்துக்கொண்டான். தீபாவளி வரை பார்ப்பது, கடை தன் காலில் நிற்கவில்லையெனில் பாத்திரங்களை வந்த விலைக்கு விற்று, வீட்டைப் பூட்டி, நாங்கள் இருவரும் பெங்களூர் செல்வது என்று முடிவாயிற்று. நாயகி அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என்னை எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய அடுக்ககத்தில் பதினோராவது மாடி. அங்கே தபால்காரர் மேலே வருவதில்லை. கீழே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுச் சென்றுவிடுகிறார்.

25.6.2018, திங்கட்கிழமை

ஆனி மாதத்து நாள்கள் ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு குறை இருந்தது. ஆடியில் எவரும் எதையும் தொடங்குவதில்லை. எனவே ஆவணி 7, அதாவது 23.8.2018, வியாழக்கிழமை என்று முடிவு செய்து நாயகியிடம் தெரிவித்தேன்.

"ஆடி ஞாயித்துக்கெழம ஒவ்வொரு அம்மன் கோயில்லயும் கூழு ஊத்துவாங்க. எல்லாருக்கும் அண்டா வேணும். அதைத் தாண்டி நாள் வெச்சிருக்கீங்களே" என்றாள்.

ஆடியில் கடை திறப்பது குறித்து ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். அவள் அரிசி களையச் சென்றாள்.

பாத்திரங்களில் பெயர் பொறிப்பது வழக்கம். வெவ்வேறு கடைப் பாத்திரங்கள் ஒரே பந்தலில் கலந்துவிட்டால் பெயரைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பெயருடன் கடை திறந்த தேதியும் இருந்தால் சிறப்பு என்று நான் ஆலோசனை கூறினேன். பெயர் வெட்டும் ஏகாம்பரத்துக்கென ஒரு சீட்டில் எழுதி நாயகியிடம் கொடுத்தேன்:

வே. குஞ்சிதபாதம், செய்யாறு. 23.8.2018.

2.7.2018, திங்கட்கிழமை

ஏகாம்பரம் மாதிரிக்கு ஒரே ஒரு மூடியில் வெட்டி அனுப்பியிருந்தான். நான் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே மற்றவற்றில் வெட்டுவான். சரியான நடைமுறை.

முப்பத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் காலையில் தேதி முத்திரையை மாற்றி, முதல் பதிவை வெள்ளைத் தாளில் குத்திச் சரிபார்த்த பிறகே அஞ்சலகத்தைத் திறந்தவன் நான். ஒருநாள்கூடத் தவறான தேதியுடன் ஒரு கடிதம் என் அலுவலகத்தை விட்டுச் சென்றதில்லை.

மூடியைச் சாளரத்தருகே எடுத்துச் சென்று இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலால் தடவினேன். வெட்டின் ஆழம் சீராக உள்ளது. வரி கோணவில்லை. வானம் மேகமூட்டமாக இருந்தது.

நாயகி கதவோரம் நின்றிருந்தாள். "நல்லா பாத்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்."

"எழுத்தெல்லாம் சரியா கீதா?"

"நான் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்."

மூடியோடு வந்த சீட்டில் 'மாதிரி சரி' என எழுதித் தேதியிட்டு ஒப்பமிட்டேன். அவள் அதை வாங்கிக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றாள். முழங்கால் வலியாக இருக்கலாம்.

14.7.2018, சனிக்கிழமை

பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பெரிய அண்டா எட்டு, அவற்றுள் ஒன்று நாயகியின் தாய்வீட்டுச் சீரான பித்தளை அண்டா. மற்றவை குண்டான்கள், தவலைகள், வாளிகள், கரண்டிகள்.

சமையல்காரர் கன்னியப்பன் பார்க்க வந்தார். இவ்வட்டாரத்துத் திருமணங்களில் பாதிக்கு அவர்தான் சமைக்கிறார். அண்டாவைத் தட்டி ஓசை கேட்டார். குனிந்து எழுத்தைப் படித்தார்.

"இருபத்திமூணு, ஏழு… இன்னா சார், ஆடியிலயா கடை தெறக்கறீங்க? பயங்கர தைரியம்தான் உங்களுக்கு!"

எட்டாம் மாதம் என்று திருத்தினேன்.

"ஏழுதான் சார் போட்டுகீது. இங்க பாருங்க, இதுலயும் ஏழு. அதுலயும் ஏழு." ஒவ்வொன்றாகத் தட்டிச் சென்றார். "கரண்டியிலகூட ஏழு!"

ஏகாம்பரத்தின் கவனக்குறைவு மன்னிக்கத்தக்கதன்று. உடனே அவனை அழைத்துவரச் சொன்னேன். நாயகி நான் ஒப்பமிட்ட சீட்டை எடுத்து வந்து என் முன்னே வைத்தாள்.

"நீங்க சரின்னு போட்ட பெறகுதானே அவன் வெட்னான்? அவன இன்னா கேக்கறது?"

பித்தளையில் வெட்டியதை அழிக்க இயலாது. அதன்மேல் மீண்டும் வெட்டினால் அசிங்கமாக இருக்கும். கன்னியப்பன் என்னையும் நாயகியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெட்டனது வெட்டனதா இருக்கட்டும்" என்றாள் நாயகி. "அந்தத் தேதிக்கே தெறந்துடலாம்."

அன்று மேகமூட்டமாக இருந்தது என்பதை மேலே 2.7.2018-இல் குறித்துள்ளேன்.

15.7.2018, ஞாயிற்றுக்கிழமை

முன்னறையைக் காலி செய்தேன்.

23.7.2018, திங்கட்கிழமை

ஆடி 7. வளர்பிறை ஏகாதசி என்பது ஒன்றே ஆறுதல். காலையில் கடை திறக்கப்பட்டது. தேங்காய் உடைத்தோம். நேர் பாதியாக உடைந்தது. எதிர்வீட்டு அம்மாள் தாம்பூலம் வாங்க வரவில்லை. "ஆடியில கடை தெறந்தவ வீட்டுல அடுப்பு நிக்குமா?" என்று அவர் குழாயடியில் கேட்டதாக நாயகியே என்னிடம் கூறினாள். கூறும்போது கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை மூன்றுமுறை உதறினாள்.

பெயர்ப்பலகை வேண்டாம் என்றாள். பாத்திரத்திலேயே பெயர் இருக்கும்போது பலகை வீண் என்பது அவள் வாதம். நியாயமாகப் பட்டது.

பகல் முழுவதும் எவரும் வரவில்லை. நான் நாற்காலியைக் கூடத்தில் போட்டுக்கொண்டேன். அங்கு வெளிச்சம் போதாது.

26.7.2018, வியாழக்கிழமை

இருவர் வந்தனர். பொன்னியம்மன் கோயில் கூழுக்கு ஆறு அண்டாக்கள். வழக்கமாக எடுக்கும் கடையில் தீர்ந்துவிட்டதாம்.

29.7.2018, ஞாயிற்றுக்கிழமை

கூழ் வார்த்தலைப் பார்வையிடக் கோயிலுக்குச் சென்றேன். பாத்திரங்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை அறிவதே நோக்கம்.

பந்தலில் மூன்று கடைகளின் பாத்திரங்கள் கலந்து கிடந்தன. விழாக் குழுவினர் ஒலிபெருக்கியில், "தையல்நாயகி அம்மா அண்டா ரெண்டு இந்தாண்ட வரட்டும், தையல்நாயகி அம்மா அண்டா!" என்று கூவிக்கொண்டிருந்தனர். குடும்பப் பெண்களின் பெயரைப் பொதுவில் கூவுவது இப்போது வழக்கமாகிவிட்டது போலும். உரிமையாளர் பெயர் பாத்திரத்திலேயே இருக்கும்போது இது தேவையற்றது.

நாயகி வரிசையில் நின்று தன் அண்டாவிலிருந்தே கூழ் வாங்கிக் குடித்தாள். எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்தாள். உப்புக் குறைவு.

12.8.2018, ஞாயிற்றுக்கிழமை

நான்கு கோயில்கள். ஒரு பாத்திரமும் வீட்டில் இல்லை. முன்னறை வெறுமையாக இருந்ததால் நாற்காலியை அங்கே போட்டு மாலைவரை அமர்ந்திருந்தேன்.

23.8.2018, வியாழக்கிழமை

ஆவணி 7. புதிய வேட்டி உடுத்திக்கொண்டேன். குறிப்பான காரணம் இல்லை.

21.9.2018, வெள்ளிக்கிழமை

புரட்டாசி பிறந்து ஐந்து நாள்கள். திருமணங்கள் இல்லை. அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன. மூர்த்தி தொலைபேசியில், "இன்னா நாயகி அம்மா, வியாபாரம் எப்டி?" என்று கேட்டான். நாயகி, "தீபாவளி இன்னும் வரலடா" என்று கூறி வைத்துவிட்டாள். பிறகு ஆளில்லாத கடையில் அமர்ந்து, ஏற்கெனவே துலங்கும் தவலையைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

அவளுக்கு முழங்கால் வீங்கியிருப்பதால் திரும்பி வரும் பாத்திரங்களை எண்ணி வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

29.9.2018, சனிக்கிழமை

பக்கத்துக் கிராமத்துப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகைக்கு எடுத்துச்சென்ற மூன்று அண்டாக்கள் மாலையில் திரும்பின. எண்ணி வாங்கினேன். மூன்று. பழுதில்லை.

30.9.2018, ஞாயிற்றுக்கிழமை

பழுதுண்டு. திரும்பி வந்த மூன்றில் ஒன்று வேறு எவருடையதோ. அடியில் ஓட்டை. நம்முடைய பித்தளை அண்டா, அதாவது நாயகியின் தாய்வீட்டுச் சீர், அங்கேயே தங்கிவிட்டது.

"எண்ணிக்கை சரியாக இருந்தது" என்று கூறினேன்.

"எண்ணிக்கை சரி. பேரு பாக்க வேணாமா?"

மாலை வெளிச்சம் போதவில்லை என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள். நேற்று அண்டா வந்த அதே நேரம்தான் அப்போதும். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

1.10.2018, திங்கட்கிழமை

நாயகி காலைப் பேருந்தில் தனியாக அக்கிராமத்துக்குச் சென்றாள். நான் வருவதாகக் கூறியதற்கு வேண்டாம் என்றாள். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு சென்றாள். பிற்பகல் வரை நான் சாப்பிடவில்லை. பசி இல்லை.

அவள் திரும்பியபோது ஒரு சரக்கு ஆட்டோவில் அண்டாவும் அவளும் வந்தார்கள். "தங்களோடதுன்னு சாதிச்சாங்க. பேரக் காட்டனேன். அதுக்கப்பறம் வாயத் தெறக்கல."

தண்ணீர் குடித்தாள். பிறகு, "புதன்கெழம காஞ்சிபுரம் போறோம், கண்ணாஸ்பத்திரிக்கு. கன்னியப்பன் மச்சான் அங்க வேலை செய்யறான், சொல்லி வெச்சுட்டேன்" என்றாள்.

புதன்கிழமை தேய்பிறை நவமி என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"ராமர் பொறந்ததே நவமியிலதான்."

அவர் பதினான்கு ஆண்டுகள் காட்டுக்குச் சென்றார் என்றேன்.

"நீங்க ரெண்டு நாள் காஞ்சிபுரம் போனா போதும். உங்கள நாள் பாக்க வுட்டா ரெண்டு கண்ணும் போயி, நெத்திக் கண்ணுதான் தெறக்கணும்."

எனக்குக் கண்ணில் குறை இருப்பதாக நான் எவரிடமும் கூறியதில்லை. இக்குறிப்பேட்டிலும் எழுதியதில்லை.

3.10.2018, புதன்கிழமை

(நாயகி எழுதறேன். அவருக்கு வலது கண்ணுல ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு நாளும் எழுதாம இருக்கக் கூடாதுன்னு எழுதச் சொன்னாரு. மணி கேட்டாரு. சொன்னேன்.)

4.10.2018, வியாழக்கிழமை

கட்டை அவிழ்த்தனர். மருத்துவமனைச் சுவரில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதன் தேதியை நேற்றே கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. செவிலியிடம் கூறினேன். அவர், "பாத்தீங்களா, எவ்ளோ தூரத்துல இருந்து படிக்கறீங்க!" என்று சிரித்தார்.

மின்விளக்குகளில் குறையில்லை.

11.10.2018, வியாழக்கிழமை

ஒரு வாரம் தூசியில் நடமாடக் கூடாது, குனியக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்றோடு முடிந்தது. நாயகி காய் வாங்கச் சென்றிருந்தாள்.

முன்னறைச் சுவரில் சுண்ணாம்பு உரிந்துள்ளது. கூரை மூலையில் ஒட்டடை. நாயகியின் தலை முழுவதும் நரைத்துவிட்டது. எப்போது என்பதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

பித்தளை அண்டாவைச் சாளரத்தின் பக்கம் திருப்பினேன். எழுத்துகள் தெளிவாக உள்ளன:

தையல்நாயகி, செய்யாறு. 23.7.2018.

ஏனைய ஏழு அண்டாக்களையும் பார்த்தேன். குண்டான்களையும் வாளிகளையும் பார்த்தேன். கரண்டிகளையும் பார்த்தேன்.

14.10.2018, ஞாயிற்றுக்கிழமை

நடைப்பயிற்சியின்போது ஏகாம்பரத்தின் பட்டறை வழியில் இருந்தது. அதற்காகச் சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஏகாம்பரம் எழுந்து நின்றான். கேட்பதற்கு முன்பே கூறத் தொடங்கினான். "சார், கோச்சுக்காதீங்க. சீட்டுல நீங்க எழுதனது வேற. அம்மா வந்து பேரையும் தேதியையும் மாத்திச் சொன்னாங்க. நான் சொன்னேன், 'சார் போஸ்ட் மாஸ்டரா இருந்தவரு, பாத்த ஒடனே புடிச்சுடுவாரு, என்ன வெட்டிப்புடுவாரு'ன்னு."

"அதற்கு அவள் என்ன கூறினாள்?"

"'மூடி ஒண்ணுல மட்டும் வெட்டிக் குடு. அவரு பாத்துட்டுத் தப்புன்னு சொன்னா, அவரு எழுதனதையே எல்லாத்துலயும் வெட்டு, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். சரின்னு சொன்னா, எனக்கு ரெண்டு விசயம் தெரிஞ்சுடும்'னாங்க."

எந்த இரண்டு விஷயங்கள் என்று கேட்டேன்.

"முழுசா சொல்லல சார். 'ஒண்ணு ஆடியில கடை'ன்னாங்க. இன்னொண்ணச் சொல்லாம கண்ணத் தொடச்சுக்கினாங்க."

வீடு திரும்பினேன். நாயகி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். இதுபற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

25.10.2018, வியாழக்கிழமை

ஐப்பசி பிறந்து எட்டு நாள்கள். கன்னியப்பன் ஐந்து திருமணங்களுக்கு நம் பாத்திரங்களையே சொல்லிவிட்டார். அவற்றுள் ஒன்று எதிர்வீட்டு அம்மாளின் பேத்தி திருமணம். அம்மாள் நேரில் வந்தார். "ஆடியில தெறந்தாலும் அண்டா நல்லா கனமாத்தான் கீது" என்றார். நாயகி அவருக்குக் காப்பி கொடுத்தாள். சர்க்கரையைத் தாராளமாகப் போட்டாள்.

6.11.2018, செவ்வாய்க்கிழமை

தீபாவளி. மூர்த்தி குடும்பத்துடன் நேற்றே வந்துவிட்டான். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு வெந்நீர் வைக்க ஒரு தவலைகூட வீட்டில் இல்லை. எல்லாம் வாடகைக்குச் சென்றுவிட்டன. வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததையும் நாயகி நேற்று மாலை கொடுத்துவிட்டாளாம்.

கடைசியில் இட்லிப் பானையிலும் குக்கரிலும் மாறி மாறி வெந்நீர் வைத்தோம். மூர்த்தி தலையில் எண்ணெய் வழிய முற்றத்தில் நின்றுகொண்டு, "பாத்திரக் கடைக்காரி வூட்டுல குளிக்க ஒரு தவலை இல்ல!" என்று கத்தினான்.

"மாடிச் செடிக்கு வேற ஆள் பாத்துக்கடா" என்றாள் நாயகி.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரிம்மா" என்று கூறிக் குக்கரை வாங்கிக்கொண்டான்.

15.11.2018, வியாழக்கிழமை

கார்த்திகை மாதத்துக்காகப் புதிய அண்டாக்கள் நான்கு வாங்கியிருக்கிறாள். ஏகாம்பரம் மாதிரி மூடியை இன்று அனுப்பினான். சீட்டு எழுதித் தரும்படி இம்முறை என்னை எவரும் கேட்கவில்லை.

மூடியைச் சாளரத்தருகே எடுத்துச் சென்றேன். நாயகி கதவோரம் வந்து நின்றாள். கையில் வெங்காயமும் கத்தியும் இருந்தன. இரண்டையும் அவள் அசைக்கவில்லை.

நான் கட்டைவிரலால் தடவவில்லை. படித்தேன்.

"இன்னா, சரியா கீதா?" என்றாள். குரல் சற்றே கம்மியிருந்தது. வெங்காயம் காரணமாக இருக்கலாம்.

"சென்ற முறை இருந்த அதே பெயர்தான். பிழை ஒன்றும் இல்லை" என்றேன்.

அவள் அடுக்களைக்குச் சென்றாள். வெங்காயம் நறுக்கும் ஓசை வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

மூடியோடு வந்த சீட்டில் 'மாதிரி சரி' என்று எழுதினேன். அது போதாது என்று தோன்றியது. அடித்துவிட்டு, அதன்கீழ் எழுதி ஒப்பமிட்டேன்:

படித்துப் பார்த்தேன். சரி. 15.11.2018.